வாசல்காரர் ஒத்கார் எடுத்துக் கொடுத்தவை

எர்லன்மோர் மடத்தில் சகோதரர் ஒத்கார் இறந்தபோது எல்லோரையும்விடக் குறைவாக வருத்தப்பட்டவர் சகோதரர் ஹாத்தோ. அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. பத்தொன்பது வருடம் பாடற்கூடத்தில் ஒத்காருக்கு இடது பக்கத்தில் நின்றவர் அவர். பகலில் ஏழு வேளை ஜெபம், விடியலுக்கு முந்தைய வேளையைச் சேர்த்தால் எட்டு. வேதாகமத்தின் ஒவ்வொரு சங்கீதப் பாடலிலும் ஒவ்வொரு வரியையும் மற்ற இருபத்தாறு பேரும் முடித்த பிறகுதான் ஒத்கார் முடிப்பார். மூச்சு போதாமல் அப்படிச் செய்கிறாரா, வேண்டுமென்றே செய்கிறாரா என்று பத்தொன்பது வருடத்தில் ஹாத்தோவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அது போதாதென்று காலைக் கூட்டம் வேறு. புனித ஆசீர்வாதப்பர் சபையில் தினமும் காலையில் துறவிகள் கூடி உட்கார்ந்து, அவரவர் குறையை அவரவரே எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதை மற்றவர்கள் எடுத்துச் சொல்லலாம். மற்றவர்கள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஒத்கார் சொல்வார். சகோதரர் ஹாத்தோ ஜெபத்தின்போது ஜன்னல் வழியாக வாத்துகளைப் பார்த்தார். சகோதரர் ஹாத்தோ அவரைக்காய்க் கிண்ணத்தைச் சத்தமாக வைத்தார். எல்லாம் உண்மைதான், ஹாத்தோவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒத்கார் மடத்தின் வாசல்காரராக இருந்தார். மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த வாரம் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் சதுப்பு நீர் ஏறி நின்றதால் அவரை வாசலுக்கு வெளியே, மேட்டில் புதைத்தார்கள்.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் ஓடு சுடுகிற வெசெலின் தன் மனைவி ஹெம்மாவோடு அந்த வழியாகப் போனான். ஹெம்மா மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்லறை அருகே வந்ததும் அவள் வாய் திறந்தாள். வெசெலினின் தாயாரிலிருந்து தொடங்கி, அவன் குடிக்கிற இடம், அவன் குளிக்காத மாதங்கள் என்று வரிசையாகப் பேசினாள். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த நாற்பது பேர் நின்று கேட்டார்கள். வெசெலின் முழந்தாளிட்டான். அது பக்தியினாலா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கல்லறையில் ஒன்பது மெழுகுவர்த்திகள் இருந்தன. அடுத்த வாரம் எண்ண முடியவில்லை.

மடாதிபதி ரெகின்பால்டுக்கு இது வராது வந்த மாமணி. மடம் தொடங்கி நூற்றிருபது வருடம் ஆகியும் பேர் சொல்லும்படி அதில் யாரும் இருந்ததில்லை. மடத்தைக் கட்டிய பிரபு தன் தம்பியைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாகக் கட்டினார். பிறகு இன்னொரு தம்பியையும் கொன்றார், ஆனால் இரண்டாவது மடம் கட்டவில்லை. முதல் மடாதிபதி உரோமைக்குப் போகும் வழியில் ஒரு விதவையின் சத்திரத்தில் இரவு தங்கினார், இன்னும் திரும்பவில்லை. மூன்றாமவர் மீன்குளம் வெட்டினார். நல்ல குளம். ஐந்தாமவர் நூற்றைம்பது சங்கீதங்களையும் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் தலைகீழாகச் சொல்வார். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் ஏற்படவில்லை. மோசல் ஆற்றில் இரண்டு வளைவு மேலே இருக்கிற ஓபர்வைலர் மடத்திலோ ஒரு வேதசாட்சியின் வலது கை இருந்தது. பயணிகள் எர்லன்மோர் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அந்தக் கையைப் பார்க்கப் போவார்கள்.

பெந்தகொஸ்தேக்கு ஆயர் வருவதாக இருந்தது, ஒருவரைப் புனிதராக ஏற்பது அவர் கையில். அதற்குள் ஒத்காரின் சரித்திரம் எழுதி முடிக்கப்பட வேண்டும் என்று மடாதிபதி முடிவு செய்தார். மடத்தில் ஹாத்தோவின் கையெழுத்துதான் அழகானது. அவரை வரவழைத்தார்.

"பத்தொன்பது வருஷம் அவர் பக்கத்துல நின்னது நீங்கதான், சகோதரரே."

"அதனாலதான் சுவாமி வேண்டாம்கறேன்."

மடாதிபதி இதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார். நல்ல கன்றுத்தோலாகப் பார்த்து எட்டுத் தாள்கள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஹாத்தோ எழுத்தறையில் பத்து நாள் உட்கார்ந்தார். 'உயர்குடிப் பெற்றோருக்குப் பிறந்தார்' என்று தொடங்கினார். ஒத்காரின் தகப்பன் தோல் பதனிடுகிறவன் என்று நினைவு வந்தது, கத்தியால் சுரண்டினார். 'வீண் வார்த்தை பேசியதில்லை' என்று எழுதினார். அது உண்மைதான், பேசியதெல்லாம் குறைதான். அதையும் சுரண்டினார். தாள் மெலிந்து பின்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. கடைசியில், கேள்விப்படாமல் எழுதினால் பாவம் என்று சொல்லி, ஊருக்குள் போய் விசாரிக்க அனுமதி வாங்கினார். எட்டு வருடமாக அவர் ஊருக்குள் போனதில்லை.

முதலில் ஹெம்மாவிடம் போனார். அவள் சூளை வாசலில் களிமண் மிதித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டார்.

"அது எங்கயும் போகல சாமி. அந்த ஆளுகிட்டப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். அன்னைக்கு இருந்துச்சு."

"என்ன இருந்துச்சு?"

"சேத்துக் காலோட அந்த மனுஷன் கல்லறை மேல ஏறி நின்னான். ஒத்கார் சாமி தலைமாட்டுல. பொறுத்துக்க முடியுமா?"

ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டதற்கு அவள் உள்ளே போய் ஒரு செம்புப் பானையைத் தூக்கி வந்தாள். பஞ்சம் வந்த வருடத்தில் வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் விற்றுத் தின்ற பிறகு, வேர்களை வேகவைக்கக்கூட ஒன்றுமில்லாமல் மடத்து வாசலுக்குப் போனாளாம். ஒத்கார் உள்ளே போய் இதைக் கொண்டு வந்தாராம். கெருங் கொடுக்கிறார், கெருங்குக்காக வேண்டிக்கொள் என்றாராம்.

ஹாத்தோ பானையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மடத்தின் முத்திரை இருந்தது. கெருங் மடத்துச் சமையல்காரர். பஞ்ச வருடத்தில் பெரிய செம்புப் பானை ஒன்றைத் தொலைத்ததற்காக ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பானையைக் காணோம் என்று காலைக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர் யார் என்பதும் ஹாத்தோவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒத்கார்தான்.

திரும்பி நடக்கும்போது ஹாத்தோவின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. ஒத்கார் திருடர். பத்தொன்பது வருடம் தன் பக்கத்தில் நின்று இழுத்து இழுத்துப் பாடியவர் ஒரு திருடர். பல மாதங்களுக்குப் பிறகு ஹாத்தோவுக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

அதன் பிறகு அவர் விசாரணையில் ஊக்கமாக இறங்கினார். கரிமூட்டம் போடுகிற குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள் தலையில் ஐந்து நரித்தோல் குல்லாய்கள் இருந்தன. துணை மடாதிபதி லாம்பர்ட்டின் நரித்தோல் குளிர்கால மேலங்கி காணாமல் போனது மூன்று வருடத்துக்கு முன்பு. அந்த அங்கி ஒரு துறவிக்கு ஆடம்பரம் என்று ஒத்கார் அப்போது கூட்டத்தில் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு லாம்பர்ட்டின் பெயர் தெரிந்திருந்தது. படுக்கும் முன் ஜெபத்தில் சொல்கிறார்கள். ஒரு கிழவனிடம் மருத்துவ அறையின் கம்பளி இருந்தது. ஒரு நெசவுக்காரியிடம் ஆடு இருந்தது. ஆட்டை எப்படி வெளியே கொண்டுபோனார் என்பது ஹாத்தோவுக்கு விளங்கவில்லை. இன்னும் இரண்டு வீடுகளில் இன்னும் இரண்டு பொருள்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

ஏழாவதாக ஆற்றுத் துறைக்குப் போனார். அங்கே ஒத்காரின் காலணிகள் இருப்பதாகவும் ஜனங்கள் தொட்டுக் கும்பிடுவதாகவும் பேச்சு. படகு ஓட்டுவது கிஸ்லா என்ற விதவை. துடுப்புப் பிடித்துப் பிடித்து அவள் தோள்கள் லாம்பர்ட்டின் தோள்களைவிட அகலமாக இருந்தன.

"ஜோடப் பாக்க வந்தீங்களா சாமி? கையக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். பெட்டியைத் திறந்தாள். ஆட்டுத்தோல் உள்வைத்துத் தைத்த உயரமான குளிர்காலக் காலணிகள். பெரிய பாதத்துக்கானவை. ஒத்காரின் பாதம் சின்னது. இடது குதிகாலின் உள்ளே ஒரு ஒட்டு, வீணாய்ப்போன எழுத்துத் தோலில் வெட்டியது, புத்தகம் தைக்கிற நூலால் தைத்தது. ஹாத்தோ அந்தத் தையலைப் பார்த்தார். தையல் அவருடையது.

பதினோரு வருடத்துக்கு முன்பு, மார்கழியில் அவருடைய காலணிகள் படுக்கைக் கூடத்திலிருந்து காணாமல் போயின. துறவிக்குச் சொந்தம் என்று எதுவும் கிடையாது, எல்லாம் மடத்தின் பொருள், தொலைத்தால் குற்றம். 'சகோதரர் ஹாத்தோ தன் காலணிகளைக் காக்கவில்லை' என்று மறுநாள் ஒத்கார் எழுந்து சொன்னார். நாற்பது நாள் தனியே உட்கார்ந்து சாப்பாடு. குளிர்காலம் முடியும்வரை காலில் துணிச் சுற்று. தை மாதத்தில் இடது காலின் சுண்டுவிரல் கறுத்தது. மருத்துவச் சகோதரர் உளியால் எடுத்தார்.

"உள்ள எழுத்து இருக்கு பாருங்க," என்றாள் கிஸ்லா. "எங்க பங்குச் சாமி பாத்துட்டு லத்தீனுன்னு சொன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. என்ன சாமி எழுதியிருக்கு?"

இருபத்தைந்து வயதில் புது இறகைச் சோதிக்க ஹாத்தோ கிறுக்கிய வரி அது.

"மை தண்ணியா இருக்கு, சாப்பாட்டு மணி எப்ப அடிப்பாங்கன்னு எழுதியிருக்கு."

கிஸ்லா கொஞ்சம் யோசித்தாள். "பசியோட எழுதியிருக்காரு, பாவம்."

யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தார் என்று ஹாத்தோ கேட்டார். கிஸ்லா சொன்னாள். அந்தக் குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடைத்து உடைத்துப் படகு விட்டு அவள் புருஷனுக்குக் கால் மரத்துப்போய்விட்டது. மடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒத்கார் காலைப் பார்த்தார், உட்காரச் சொன்னார், உள்ளே போய் வந்தார்.

"இது நான் குடுக்கறதில்ல, ஹாத்தோ குடுக்கறாருன்னாரு. வேண்டிக்கறப்ப அவரு பேரச் சொல்லுங்கன்னாரு. அன்னையிலருந்து விட்டதில்ல சாமி. வெள்ளம் வந்தா அவரத்தான் கூப்புடுறது. புனித ஹாத்தோவே, கயித்தப் புடிச்சுக்கன்னு."

"அவரு யாருன்னு நெனச்சீங்க?"

"பழைய காலத்துச் சாமின்னுதான். எம் புருஷன் சொல்லுவான், வேதசாட்சியாச் செத்திருப்பாரு, கால வெட்டியிருப்பாங்க, அதான் ஜோடு சும்மா கெடந்திருக்குன்னு."

"கால வெட்டல," என்றார் ஹாத்தோ. "ஒரு வெரல் மட்டுந்தான் போச்சு."

கிஸ்லா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் காலைப் பார்த்தாள். பிறகு காலணிகளை எடுத்துத் இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கங்க. உங்களுது."

அவள் புருஷன் என்ன ஆனான் என்று ஹாத்தோ கேட்டார்.

"ஒம்பது வருஷம் நடந்தான். ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்தான். அப்பறம் மரம் விழுந்து செத்தான். அது ஜோட்டுத் தப்பில்ல."

ஹாத்தோ காலணிகளை எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வந்தது. அது போகும் என்று காத்திருந்தார். அது போகவில்லை, ஆனால் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. தன் பெயரைப் பதினோரு வருடமாக ஒரு வீட்டில் தினமும் சொல்லியிருக்கிறார்கள். மடத்தில்கூட அவர் பெயரைத் தினமும் சொன்னவர் ஒருவர்தான், அது கூட்டத்தில். மாலை ஜெபத்துக்கு மணி அடித்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஹாத்தோ போகவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் தானே எழுந்து சொன்னார்.

அன்று சமையலறையில் கெருங்கிடம் எல்லாவற்றையும் சொன்னார். கெருங் அவரையை உரித்துக்கொண்டே கேட்டார். எடுத்ததுதான் எடுத்தார், ஏன் நம்மைக் காட்டியும் கொடுத்தார் என்பதுதான் ஹாத்தோவின் கேள்வி.

"தெரியாமக் குடுத்தா நமக்குப் புண்ணியம் இல்லையே," என்றார் கெருங். "தண்டனையாவது பட்டா ஏதோ சேரும்னு நெனச்சிருப்பாரு."

"இல்ல. அவருக்கு என்னைப் புடிக்காது."

"அதுவும் இருக்கலாம்," என்று கெருங் ஒப்புக்கொண்டார்.

ஹாத்தோ நான்கு நாளில் சரித்திரத்தை எழுதி முடித்தார். எதையும் சுரண்டவில்லை. இன்ன பொருள், இன்னாரிடமிருந்து எடுத்தார், இன்னாருக்குக் கொடுத்தார், உடையவரை இன்ன நாள் கூட்டத்தில் குற்றம் சாட்டினார். இழுத்துப் பாடியதையும், படகுத்துறையில் யார் பெயரைக் கூப்பிட்டு வேண்டுகிறார்கள் என்பதையும் எழுதினார். மடாதிபதி வாசித்துவிட்டுத் தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"திருடினாரு, திருடினாரு, திருடினாருன்னு ஏழு எடத்துல எழுதியிருக்கீங்க."

"ஏழு தடவ எடுத்தாரு சுவாமி. ஆட்டையும் சேத்து."

அனுமதியோடு கொடுத்தார் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார் மடாதிபதி. அனுமதி இருக்கவில்லை என்றார் ஹாத்தோ. மடாதிபதி ஜன்னலுக்குப் போய் மீன்குளத்தைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு யோசனை இருந்தது. உடைமை வைத்திருந்தவர்கள் எல்லோரும் இன்னும் உயிரோடுதானே இருக்கிறார்கள்? போன பொருளை இப்போது மனதாரக் கொடுக்கட்டும், திருட்டு தானமாகிவிடும்.

மறுநாள் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார். கெருங் உடனே கொடுத்தார். அது ஓட்டைப் பானைதான் என்றும் சொன்னார். மருத்துவச் சகோதரர் கம்பளியைக் கொடுத்தார். ஆட்டுக்குப் பொறுப்பான சகோதரர், ஆடு ஓநாய்க்குப் போகவில்லை என்று தெரிந்ததில் அழுதுவிட்டார். லாம்பர்ட் மட்டும் யோசிக்க மூன்று நாள் கேட்டார். மூன்றாம் நாள் கரிமூட்டக்காரனின் குடிசை வரைக்கும் போய் ஐந்து குல்லாய்களையும் பார்த்துவிட்டு வந்து, தையல் மோசம், ஆனாலும் கொடுக்கிறேன் என்றார்.

கடைசியாக ஹாத்தோவின் முறை. எழுந்தார்.

"அன்னைக்குக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கணும். இப்பக் குடுக்கறேன்."

அவரே அதை எழுதிக்கொண்டார்.

பெந்தகொஸ்தேக்கு ஆயர் வந்தார். உணவு வேளையில் சரித்திரத்தை உரக்க வாசித்தார்கள். ஆயர் ஆற்றுமீனை முள் எடுத்துச் சாப்பிட்டபடி கேட்டார். ஆடு வந்த இடத்தில் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு ஹெம்மாவை வரச் சொல்லிக் கேட்டார். தனக்கு எப்போதும் பேச வரும் என்று அவள் ஆயரிடமும் சொன்னாள். வேண்டுமானால் இப்போதும் பேசுகிறேன் என்றாள். ஆயர் வேண்டாம் என்றார்.

அவருடைய தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. "திருடினாருன்னு ஏழு சாட்சி இருக்கு. சுகமாக்கினாருன்னு ஒண்ணுகூட இல்ல. புனிதர்னு பீடத்துல ஏத்த முடியாது. ஜனங்க மெழுகுவர்த்தி வெக்கறதத் தடுக்கவும் வேண்டாம்." தாள்களைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இந்த ஹாத்தோ யாரு?"

ஹாத்தோ மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

உயிரோடு இருக்கிறவரிடம் வேண்டக் கூடாது, அவருக்காக வேண்டலாம் என்றார் ஆயர். படகுத்துறைக்குப் போய் நீங்களே அதைச் சொல்லித் திருத்திவிட்டு வாருங்கள் என்றார். அன்று மாலை மடாதிபதி குளத்தருகே வெகுநேரம் நடந்தார். வேதசாட்சியின் கை ஓபர்வைலரிலேயே இருந்தது.

அடுத்த வாரம் ஹாத்தோ துறைக்குப் போனார். ஆயர் சொன்னதைச் சொன்னார். கிஸ்லா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். தன்னால் மாற்றிக்கொள்ள முடியும், வாய்தானே என்றாள். ஆனால் அக்கரையில் பத்துப் பதினைந்து வீடுகள் இருக்கின்றன, எல்லோரும் தன்னிடம் கற்றுக்கொண்டவர்கள், அவர்களிடம் அவர்தான் வந்து சொல்ல வேண்டும், தான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றாள். ஹாத்தோ ஏறினார். படகில் ஏற்கெனவே அவள் இளைய மகள் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிறந்து மூன்று வாரமான பிள்ளையோடு. ஞானஸ்நானம் முடித்து அக்கரைக்குப் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள்.

"பையனுக்கு என்ன பேரு?" என்று கேட்டார் ஹாத்தோ, ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆயர் சொல்றதுக்கு முந்தியே வெச்சுட்டோம் சாமி," என்றாள் கிஸ்லா.

நடு ஆற்றில் நீரோட்டம் இழுத்தது. மகள் தாய்க்கு உதவியாக இரண்டாவது துடுப்பைப் பிடிக்க எழுந்தாள். பிள்ளையை யாராவது வாங்க வேண்டியிருந்தது. ஹாத்தோ வாங்கினார். அவர் இதற்கு முன் பிள்ளை எதையும் தூக்கியதில்லை. புத்தகத்தைப் பிடிப்பது போல இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தார். அது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு அங்கியை நனைத்தது. படகு நேரானதும் மகள் துடுப்பை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றார் ஹாத்தோ. "கரை வரட்டும்."